ஐரிஷ் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? ரையன் பெயரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரிஷ் குடும்பப் பெயர் ஒன்றின் பூர்வீகத்தைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் அந்தப் பெயரை இணையத்தில் தட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு கேடயச் சின்னம், ஒரு ராஜா, ஒரு கோட்டை, பெயருக்கு ஒரு அர்த்தம் எல்லாம் வந்து விழுந்துவிடும். வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவரின் அம்மா வழிப் பெயர் ரையன். யாரோ எழுதிவைத்த வரலாற்றை நம்பி இரண்டு மாதம் அயர்லாந்தின் கார்லோ பக்கத்து ரையன்களைத் துரத்தினேன். கடைசியில் ஒரு பழைய ராணுவப் பதிவில், அவர்களுடைய ஆள் வேறொரு பகுதியான டிப்பரேரிக்காரர் என்று ஒரே வரியில் இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் சிலருக்கு உதவினேன். எல்லோரும் இடறும் கல் அதே கல்தான்: ஊர் தெரியாமல் பெயரைத் தேடுவது. கீழே உள்ள வரிசை அந்தக் கல்லைத் தாண்டுவதற்காக.

1. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'ரையன் என்ற பெயர் எப்படி வந்தது' என்பது ஒரு கேள்வி. 'இந்த ரையன் குடும்பம் எங்கிருந்து வந்தது' என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைத் தொட்டால், வேறு யாருடைய பூர்வீகத்தையோ உங்களுடையதாக எழுதிவிடுவீர்கள்.

காரணம் எளிது. இங்கிலீஷில் ஒரே மாதிரி எழுதப்படும் ஐரிஷ் பெயருக்குள் சம்பந்தமே இல்லாத பல வகையறாக்கள் இருக்கலாம். டிப்பரேரி, லிமரிக் பக்கத்து ரையன்கள் பெரும்பாலும் ஓ மீல்ரியன் வகையறா. கார்லோவின் இட்ரோன் பகுதி ரையன்கள் ஓ ரியன் வகையறா. இருவரும் பங்காளிகள் அல்ல. கெல்லியும் அப்படித்தான். கால்வே, ராஸ்காமன் பக்கத்து ஊய் மானி கெல்லிகள்தான் பெயர்பெற்றவர்கள், ஆனால் மற்ற பகுதிகளிலும் தனித்தனியாக அதே பெயர் முளைத்திருக்கிறது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 1890-இல் அயர்லாந்தில் பதிவான பிறப்புகளை வைத்து ராபர்ட் மாத்தெசன் தயாரித்த அறிக்கையில் மர்ஃபி 1,386, கெல்லி 1,242, ரையன் 715. ஒரே ஆண்டில் பிறந்த ரையன் குழந்தைகள் மட்டும் எழுநூறுக்கு மேல். வெறும் பெயரை வைத்து இதில் உங்கள் ஆளைப் பிடிக்க முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

பணம் இப்போதைக்கு வேண்டாம். சந்தா கட்டும் தளங்களுக்கு முதல் நாளே கார்டை நீட்டாதீர்கள். அயர்லாந்தின் முக்கியமான ஆவணங்களில் பெரும்பகுதி அரசுத் தளங்களிலேயே இலவசமாக இருக்கிறது: தேசிய ஆவணக் காப்பகத்தில் மக்கள்தொகைக் கணக்கு, ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள், தேசிய நூலகத் தளத்தில் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்), ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் கிரிஃபித் மதிப்பீடு என்ற நிலக் கணக்கு, ஊர்ப்பெயர்களுக்கு லோகான்ம் தளம்.

வேண்டியது ஒரு எழுத்துப் பட்டியல். பெயர் எந்தெந்த வடிவில் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று தேடும் முன்பே எழுதிவையுங்கள். ரையனுக்கு: ரையன், ஓ ரையன், ரியன், முல்ரையன், முல்ரியன், ஓ முல்ரியன். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. ஒரே அண்ணன் தம்பிக்கு இரண்டு எழுத்து இருப்பது சாதாரணம்.

முன்னொட்டுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மக்' என்றால் மகன். ஐரிஷ் மொழியில் பெண்ணுக்கு இது மாறும்: 'ஓ' குடும்பத்து மகள் 'நீ' என்றும், 'மக்' குடும்பத்து மகள் 'நிக்' என்றும் எழுதுவாள். இங்கிலீஷ் ஆட்சியில் ஓ, மக் இரண்டும் பெருவாரியாக உதிர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மறுமலர்ச்சி வந்தபோது சிலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் அப்பா சல்லிவன், மகன் ஓ சல்லிவன் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ரையன்களில் அப்படித் திரும்பச் சேர்த்தவர்கள் குறைவு.

3. அயர்லாந்துக்கு வெளியே உள்ள தேடலை முடித்துவிட்டுப் போங்கள்

குடும்பம் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ சென்னையிலோ இருந்தால், அயர்லாந்து ஆவணங்களைத் திறக்கும் முன் அங்கே இருப்பதை எல்லாம் சுரண்டி எடுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: அயர்லாந்தில் எந்த ஊர். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர் மட்டும் போதாது. 'டிப்பரேரியில் பிறந்த ஜான் ரையன்' என்பது 'மதுரைப் பக்கத்து முருகன்' என்பது போலத்தான்.

நேரடி முன்னோரின் ஆவணத்தில் ஊர் இல்லாவிட்டால், அவருடைய அண்ணன், தங்கை, மைத்துனர் ஆவணங்களைப் பாருங்கள். புதியவர்கள் இதைத்தான் செய்வதில்லை. நேர்க்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போய் முட்டி நிற்பார்கள். ஆறு பேர் கப்பலேறியிருந்தால் அதில் ஒருவருடைய கல்லறைக் கல்லிலாவது ஊர் செதுக்கியிருக்கும்.

அமெரிக்காவில் 1906-க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்பதோடு நின்றுவிடும். அதைவிடக் கோயில் (சர்ச்) திருமணப் பதிவும், 1831 முதல் பாஸ்டன் பைலட் இதழில் வந்த 'உறவினரைக் காணோம்' விளம்பரங்களும் பயன்படும். அந்த விளம்பரங்களில் பங்கு வரைக்கும் சொல்லியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயரும் பிள்ளைகள் பெயரும் சேர்ந்தே வரும்.

சென்னை வழி என்றால், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசைதான் மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைப்பிரிவுகளில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மதராஸ் ஐரோப்பியப் படையாக இருந்தது பின்னால் 102-ஆம் ரெஜிமென்ட் ஆகி, 1881-இல் 103-ஆம் ரெஜிமென்டோடு சேர்ந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் பதவியும் படைப்பிரிவும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ராணுவச் சேர்ப்புப் பதிவுக்குப் போனால், பிறந்த பங்கும் கவுண்டியும் முன்பு செய்த தொழிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு. நண்பரின் ரையன் எனக்குப் பிடிபட்டது இந்த வழியில்தான். கூலியாள், டிப்பரேரி, நியூபோர்ட்.

4. இடத்தின் படிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் பிறகு திரும்பி வந்தே ஆக வேண்டும். அயர்லாந்தில் ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் பல முகவரிகள் உண்டு. நான்கு மாகாணம், முப்பத்திரண்டு கவுண்டி, கவுண்டிக்குள் பாரனி என்ற பழைய நிர்வாகப் பிரிவு, அதற்குள் சிவில் பாரிஷ் என்ற அரசு வட்டாரம், கடைசியில் டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் ஊர்ப் பட்டி மாதிரி, சில வீடுகளும் அதைச் சுற்றிய நிலமும்தான். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

இதற்குக் குறுக்கே இரண்டு கோடுகள் ஓடுகின்றன. ஒன்று கத்தோலிக்கப் பங்கு. இதன் எல்லையும் சிவில் பாரிஷ் எல்லையும் ஒத்துப்போகாது, பெயரும் வேறாக இருக்கும். லிமரிக் கிழக்கில் சிவில் பாரிஷ் பெயர் அபிங்டன், அங்குள்ள கத்தோலிக்கர்களின் பங்கு மர்ரோ. இரண்டாவது, ஏழைச் சட்ட யூனியன், அதாவது ஏழைகளுக்கு உதவி செய்வதற்காகப் பிரித்த நிர்வாகப் பகுதி. 1864-க்குப் பிந்தைய பிறப்பு, இறப்புப் பதிவுகள் எல்லாம் யூனியன் பெயரில்தான் இருக்கும். யூனியன் கவுண்டி எல்லையை மதிக்காது. லிமரிக் யூனியனில் பதிவானவர் கிளேர் கவுண்டிக்காரராக இருக்கலாம்.

ஆகவே ஊர் பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டு ஒரு தாளில் அந்த ஊரின் டவுன்லேண்ட், சிவில் பாரிஷ், பங்கு, பாரனி, யூனியன், கவுண்டி ஆறையும் எழுதுங்கள். லோகான்ம் தளத்தில் பெரும்பாலானவை கிடைக்கும். அந்தத் தாள்தான் இனி உங்களுக்கு வழிகாட்டி. ஒரே டவுன்லேண்ட் பெயர் பல கவுண்டிகளில் இருக்கும் என்பதால் பாரனியை எழுத மறக்காதீர்கள்.

5. 1911-இல் தொடங்கிப் பின்னால் நடங்கள்

குடும்பத்தில் யாராவது ஒருவர் அயர்லாந்திலேயே தங்கியிருந்தால் 1911, 1901 கணக்கெடுப்புகளில் இருப்பார். அதற்கு முந்தையவை கிட்டத்தட்ட இல்லை. 1861, 1871 தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக்கூழாயின. 1821 முதல் 1851 வரை இருந்தவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது.

1911-ஐ முதலில் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தாளில் திருமணமான பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்கள்: கல்யாணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. 'பதினொன்று, ஏழு' என்று எழுதியிருந்தால், நீங்கள் தேட வேண்டிய பிறப்புப் பதிவுகள் பதினொன்று, இறப்பு நான்கு என்று கணக்கு தெரிந்துவிடும்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கிடைக்கத் தொடங்கியது. 1901-இல் 55 என்று சொன்ன பாட்டி 1911-இல் 70 ஆகியிருப்பார். பத்து ஆண்டில் பதினைந்து வயது! இவர் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள் புதியவர்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அந்த ஓய்வூதியமே நமக்கு ஒரு நன்மையும் செய்திருக்கிறது. வயதை நிரூபிக்க, எரிவதற்கு முன்பிருந்த 1841, 1851 தாள்களில் அதிகாரிகள் தேடிப் பார்த்து விண்ணப்பத்தில் குறித்திருக்கிறார்கள். அந்த விண்ணப்பங்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. மூலம் எரிந்துபோனாலும், பெற்றோர் பெயரும் டவுன்லேண்டும் அந்தக் குறிப்பில் தங்கியிருக்கும்.

6. அரசுப் பதிவுகள்

கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் 1845 ஏப்ரல் முதல் பதிவாகிறது. எல்லோருடைய பிறப்பும் இறப்பும் திருமணமும் 1864 ஜனவரி முதல். இணையத்தில் நூறாண்டு கடந்த பிறப்பு, எழுபத்தைந்து ஆண்டு கடந்த திருமணம், ஐம்பது ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்கள் இலவசம்.

முதலில் திருமணப் பதிவைத் தேடுங்கள், பிறப்பை அல்ல. திருமணப் பதிவில்தான் மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் வரும். ஒரே தாளில் அடுத்த தலைமுறை கிடைக்கிறது. அதோடு, மணமகளின் குடும்பப் பெயர் கிடைத்தால்தான் அந்தத் தம்பதியின் பிள்ளைகளை மற்ற ரையன்களிடமிருந்து பிரிக்க முடியும்.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருந்தால் அதிர்ச்சி வேண்டாம். பிறப்பைப் பதியத் தாமதித்தால் அபராதம் என்பதால், பதிவுக்குப் போன அப்பா தேதியைத் தள்ளிச் சொல்லியிருப்பார். கோயில் தேதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

7. பங்குப் பதிவேட்டைப் படிப்பது

1864-க்கு முன்னால் போக கத்தோலிக்கக் குடும்பத்துக்கு உள்ள முக்கியமான வழி இதுதான். பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் 1922 தீயில் சிக்கவில்லை. சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டண்ட் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அந்தக் காப்பகத்தில் இருந்து எரிந்துபோயின. தேசிய நூலகம் சுமார் 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்களை 2015 ஜூலையில் இணையத்தில் ஏற்றியது. அந்தத் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்து, ஆண்டையும் மாதத்தையும் பிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நான்காம் படியில் எழுதிய தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். தமிழ்க்காரர்களுக்கு இது ஒரு விதத்தில் வசதி. ஜேம்ஸ் என்பவர் 'யாக்கோபுஸ்' என்றும் ஜான் 'யோவான்னெஸ்' என்றும் வருவார்கள். தமிழ் பைபிள் கேட்டு வளர்ந்தவருக்கு யாக்கோபும் யோவானும் புதிதா? வில்லியம் மட்டும் 'குலியெல்முஸ்' என்று வந்து கொஞ்சம் திகைக்க வைப்பார்.

ஒரு பதிவு இப்படி இருக்கும்: தேதி, அப்புறம் 'யாக்கோபுஸ், யோவான் ரையன், ஹொனோரா டுவையர்', அதற்குப் பின் 'ஸ்ப்' என்ற சுருக்கம், இரண்டு பெயர்கள், ஓரத்தில் ஒரு ஊர். அதாவது ஜான் ரையனுக்கும் ஹொனோரா டுவையருக்கும் பிறந்த ஜேம்ஸ். 'ஸ்ப்' என்றால் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். அந்த இரண்டு பெயரைக் குறித்துக்கொள்ளாமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா. ஒரே பங்கில் இரண்டு ஜான் ரையன், இருவருடைய மனைவியும் ஹொனோரா என்று இருந்தால், அவர்களைப் பிரிக்க ஞானப்பெற்றோரையும் ஓரத்தில் உள்ள ஊர்ப்பெயரையும் விட்டால் வேறு வழி இல்லை.

பெயர்களில் இன்னொரு வம்பு உண்டு. டெர்மட் என்ற ஐரிஷ் பெயரை டார்பி என்றும் ஜெரமையா என்றும் எழுதினார்கள். ஹொனோராதான் நோரா. பிரிட்ஜெட்தான் பிடி, டீலியா. ஆகவே 1850-இல் டார்பியாக இருந்தவர் 1880-இல் ஜெரமையாவாகச் சாகலாம்.

பெயர் வைக்கும் வழக்கமும் உதவும். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். நம் வீடுகளில் தாத்தா பெயர் வைப்பது போலத்தான். இது வழக்கம் மட்டுமே, விதி இல்லை. எங்கே தேடலாம் என்று ஊகிக்க உதவும், ஆதாரமாக எழுதக் கூடாது.

8. நிலப் பதிவில் பட்டப்பெயரைப் பிடிப்பது

கிரிஃபித் மதிப்பீடு 1847-க்கும் 1864-க்கும் இடையில் வந்தது. ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில், வரி போடுவதற்காக, ஒவ்வொரு டவுன்லேண்டிலும் யார் குடியிருக்கிறார், யாரிடமிருந்து குத்தகை, எவ்வளவு நிலம் என்று பட்டியல் போட்டார்கள். அதற்கு முந்தையது 1823–1837 காலத்து தசமபாகப் பதிவேடு (சர்ச் ஆஃப் அயர்லாந்துக்குக் கட்டிய வரியின் கணக்கு). இரண்டிலும் குடும்பத் தலைவர் பெயர்தான் இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். தசமபாகம் விவசாய நிலத்துக்கு மட்டும் என்பதால் நிலமில்லாதவரும் நகரத்துக்காரரும் அதில் வரமாட்டார்கள். உங்கள் ஆள் இல்லையென்றால் அவர் அந்த ஊரிலேயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

டிப்பரேரியில் ரையன்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்தார்கள். மதிப்பீட்டாளரும் வேறு வழியில்லாமல் அதையே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டார். வெளுத்த தலைமுடிக்காரர் 'பான்', செம்பட்டை முடிக்காரர் 'ருவா'. சிலருக்கு அப்பா பெயர், சிலருக்குத் தொழில், சிலருக்கு இருந்த ஊர். பெரியவர், சின்னவர் என்றும் இருக்கும்.

இந்தப் பட்டப்பெயரை அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விடாதீர்கள். 'பான்' என்பது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு வரும், முடி கறுப்பாக இருந்தாலும். கிரிஃபித்தில் மைக்கேல் ரையன் (பான்) என்று ஒருவரும், பங்குப் பதிவேட்டில் அதே டவுன்லேண்டில் ரையன் பான் என்று ஒருவரும் கிடைத்தால், ஒரு டஜன் மைக்கேல் ரையன்களிலிருந்து உங்கள் கிளை தனியாகப் பிரிந்து நிற்கும். ஓ மீல்ரியன் தேடலில் இதைவிட மதிப்புள்ள துப்பு எனக்கு அமைந்ததில்லை.

கிரிஃபித்துக்குப் பிறகு அந்த நிலம் யார் யார் கைக்குப் போனது என்பதற்குத் திருத்தப் புத்தகங்கள் உண்டு. பழைய பெயரை அடித்து, புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைப் போட்டிருப்பார்கள். பெயர் மாறிய ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு இறப்புப் பதிவைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

9. சங்கிலி அறுகிற இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள்

சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு 1800 பக்கம் வந்ததும் பாதை மங்கிவிடும். பல பங்குகளின் பதிவேடே 1820-களுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இங்கே பலர் செய்வது, இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தில் தங்கள் கிளையை ஒட்டவைப்பது. அதில் 1750-லிருந்து ஒரே தாவில் ஒரு சிற்றரசனுக்குப் போயிருக்கும்.

ஒட்டவைக்க வேண்டாம். இங்கிருந்து வேலையின் தன்மை மாறுகிறது. தனிமனிதரைத் தேடுவதை நிறுத்தி, பெயரைப் பகுதியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று ஆவணங்கள். 1659 வாக்கில் வில்லியம் பெட்டி திரட்டிய கணக்கில் ஒவ்வொரு பாரனியிலும் மிகுதியாக இருந்த ஐரிஷ் பெயர்கள் எண்ணிக்கையோடு உண்டு. கால்வே, மேயோ, கேவன், டிரோன், விக்லோ அதில் இல்லை. 1654–56 சிவில் சர்வேயில் இங்கிலாந்தின் குரோம்வெல் ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பறித்ததற்கு முன், அதாவது 1640-இல், யாரிடம் நிலம் இருந்தது என்று தெரியும். டிப்பரேரிக்கு இது கிடைத்திருப்பது அதிர்ஷ்டம். அதற்கும் முன்னால் எலிசபெத் அரசியின் மன்னிப்பு ஆணைகள். கலகக்காரர்களை மன்னித்தபோது ஊரும் அப்பா பெயருமாக நூற்றுக்கணக்கானவர்களை வரிசையாக எழுதினார்கள்.

1752-க்கு முந்தைய தாள்களில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். ஜனவரி, பிப்ரவரி தேதிகளைக் குறிக்கும்போது கவனம்.

எரிந்த ஆவணங்களின் நகல்களைத் திரட்டி 2022-இல் திறந்த மெய்நிகர் ஆவணக் கருவூலத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

10. இப்போது பெயருக்கு வாருங்கள்

பாரனி கைக்கு வந்துவிட்டதால் கேள்வி சின்னதாகிவிட்டது. 'ரையன் எங்கிருந்து வந்தது' என்பது போய், 'ஓனி பகுதி ரையன் யார்' என்றாகிவிட்டது. டிப்பரேரியின் ஓனி அண்ட் அர்ரா, லிமரிக்கின் ஓனிபெக் ஆகிய இரண்டு பாரனிகளும் ஓ மீல்ரியன் வகையறாவின் பகுதி. நியூபோர்ட் இதற்குள் வருகிறது. ஆகவே நண்பரின் குடும்பத்தை இந்த வகையறாவோடு சேர்ப்பது நியாயமான ஊகம்.

இதற்கு எட்வர்ட் மக்லைசாட், பேட்ரிக் வூல்ஃப் ஆகிய இருவரின் பெயர் அகராதிகளைப் புரட்டுங்கள். வூல்ஃப் 1923-இல் வெளியிட்டது பழையது, ஆனால் ஐரிஷ் வடிவங்களுக்குப் பயன்படும். மக்லைசாட் எந்த வகையறா எந்தப் பகுதி என்று பிரித்துச் சொல்வார்.

இங்கே நான்கு பொறிகள்.

முதலாவது, இன்றைய ஐரிஷ் எழுத்தை ஆதாரமாக எடுப்பது. இன்று பள்ளியிலும் தபாலிலும் எல்லா ரையனையும் 'ஓ ரியன்' என்றே எழுதிவிடுகிறார்கள். டிப்பரேரிக்காரரும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். அதை வைத்துக் கார்லோ வகையறா என்று முடிவு செய்தால், நான் விழுந்த அதே குழிதான்.

இரண்டாவது, அர்த்தம். 'மீல்' என்பது அடியார் என்று பொருள்படும். ஓ மீல்ரியன் என்றால் ரியனின் அடியார் ஒருவருடைய வழித்தோன்றல். ரியன் என்பதற்கு 'சின்ன ராஜா' என்று குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் அடித்துச் சொல்லும். அறிஞர்கள் அதை உறுதியாக ஏற்கவில்லை. எழுதாமல் விடுவதே நல்லது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. சில ஐரிஷ் பெயர்கள் இங்கிலீஷுக்கு அப்படியே பெயர்க்கப்பட்டன, சிலவற்றைத் தப்பாகப் பெயர்த்தார்கள். கேவன் பக்கத்து மக் கவன், கொல்லர் மகன் என்பதால் ஸ்மித் ஆனார். கால்வேயின் மக் கொன்ரி, பெயரின் கடைசி அசை 'ராஜா' என்ற ஐரிஷ் சொல் மாதிரி காதில் விழுந்ததால் கிங் ஆனார். ஓ ட்ரைனான் முள்செடி என்ற சொல்லை ஒட்டித் தார்ன்டன் ஆனார். இதில் சட்டத்தின் கையும் உண்டு. டப்ளினைச் சுற்றிய நான்கு கவுண்டிகளில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஒரு ஊர், நிறம், தொழில் அல்லது பதவியை ஒட்டிய இங்கிலீஷ் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1465-இல் ஒரு சட்டம் போட்டார்கள். எனவே ஸ்மித் என்றாலே இங்கிலாந்துக்காரர் என்று தள்ளிவிடக் கூடாது.

நான்காவது, முன்னொட்டை வைத்து இனத்தை முடிவு செய்வது. 'ஃபிட்ஸ்' நார்மன்களுடையது, ஃபிட்ஸ்ஜெரால்டு போல. ஆனால் ஃபிட்ஸ்பேட்ரிக் அசல் கேலிக் (பூர்வீக ஐரிஷ்) பெயர், மக் கில்லா ஃபாட்ரிக் என்பதன் மாற்றுருவம். வால்ஷ் என்பது 'வேல்ஸ்காரர்' என்று மற்றவர்கள் வைத்த பெயர். ஆகவே எல்லா வால்ஷும் ஒரே மூலத்தினர் அல்ல.

11. பழைய வம்சாவளிகளை எப்படி வாசிப்பது

அயர்லாந்துக்கு இந்த விஷயத்தில் சொத்து அதிகம். குடும்பப் பெயர்கள் 10, 11-ஆம் நூற்றாண்டுகளிலேயே நிலைபெறத் தொடங்கின. 1014-இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போருவின் வழியினர்தான் ஓ பிரையன்கள். மீஹால் ஓ கிளேரியும் மற்றவர்களும் 1632 முதல் 1636 வரை தொகுத்த நான்கு ஆசான்களின் ஆண்டுப்பதிவும், துவல்டாக் மக் ஃபிர்விசி 17-ஆம் நூற்றாண்டு நடுவில் எழுதிய வம்சாவளி நூலும் பெரிய சுரங்கங்கள்.

இவற்றைப் பத்தாம் படிக்கு முன் திறக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், இவை தலைவர்களின் கதை. அவர்களுடைய வயலில் உழுதவர்கள் இதில் இல்லை. மேலும் வம்சாவளி எழுதியவர்கள் அந்தக் காலத்து அரசியலுக்காக ஒரு குடும்பத்தை இன்னொன்றோடு இணைத்தும் எழுதினார்கள். ஓ மீல்ரியன் வகையறாவை லென்ஸ்டர் (அயர்லாந்தின் கிழக்கு மாகாணம்) அரசன் கஹிர் மோர் வழியில் காட்டும் வம்சாவளி உண்டு. 'அப்படி ஒரு மரபு சொல்கிறது' என்று எழுதுங்கள். 'எங்கள் தாத்தா லென்ஸ்டர் ராஜா' என்று எழுதாதீர்கள்.

12. மரபணுச் சோதனை, கேடயச் சின்னம்

ஒய் குரோமோசோம் சோதனை அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவதை மட்டும் பார்க்கும். ஆகவே அதே பெயர் கொண்ட நேர் ஆண்வழி வாரிசு ஒருவர்தான் எச்சில் கொடுக்க வேண்டும். அம்மா வழிப் பேரன் கொடுத்துப் பயனில்லை. நண்பர் விஷயத்தில் இதனால் அவருடைய தாய்மாமன் மகனைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே பெயர்க்காரர்கள் இருவருடைய முடிவு பொருந்தாவிட்டால் யாரோ தவறு செய்தார்கள் என்று அர்த்தம் இல்லை. தத்து, மாற்றாந்தந்தை, அம்மா பெயரை எடுத்துக்கொண்டது என்று காரணங்கள் பல. வடமேற்கு அயர்லாந்தில் பரவலான எம்222 குறியைப் பார்த்ததும் பழைய ஐரிஷ் அரசனான 'நியால் மன்னனின் வாரிசு' என்று துள்ளுகிறவர்களும் உண்டு. 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வு அந்தத் தொடர்பை முன்வைத்தது உண்மை. உங்கள் குடும்பத்துக்கு அது ஒரு வம்ச மரம் ஆகாது. ஊர்த் தேடல் முடியும் முன் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேடயச் சின்னம் தனிநபருக்கு வழங்கப்படுவது, குடும்பப் பெயருக்கு அல்ல. டப்ளினில் தலைமைக் கட்டியக்காரர் அலுவலகம் 1943-இல் ஐரிஷ் அரசின் கீழ் வந்தது. வழங்குவது அவர்கள்தான். கடையில் ரையன் என்று சொன்னதும் எடுத்துக் கொடுக்கும் சின்னம் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான். 'குலத் தலைவர்' பட்டத்தை அரசு ஏற்பதையும் 2003-இல் நிறுத்திவிட்டார்கள், அதற்குச் சில ஆண்டு முன்பு ஒரு பட்டம் போலி என்று அம்பலமான பிறகு.

13. எழுதி வைப்பது

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் மூன்று எழுத்தில் ஒன்றைப் போடுங்கள்: ஆவணத்தில் கண்டது 'ஆ', பொருத்தி ஊகித்தது 'ஊ', குடும்பத்தில் சொன்னது 'கு'. நண்பரின் தாளில் இப்போது இப்படி இருக்கிறது. நியூபோர்ட்டில் பிறந்து மதராஸ் படையில் சேர்ந்தவர்: ஆ. ஓ மீல்ரியன் வகையறா: ஊ. செம்பட்டை முடி, அதனால் 'ருவா' கிளை: கு.

மூன்றாவதை ஆவணத்தில் பிடிக்க முடியுமா என்று பங்குப் பதிவேட்டை இன்னமும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவருடைய பாட்டி சொன்னதாம், தாத்தா தலை மருதாணி போட்ட மாதிரி இருக்கும் என்று.